இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் களைப்பு

“நூத்திப் பத்தொம்போது!”

படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த டெபுடி, தேர்தல் முடிவை அறிவிக்கிறவரின் முகத்தோடு அதைச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் இருந்த இரண்டு பேரும் கையிலிருந்த கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை அளவு அது.

“ஏறுது,” என்றார் டெபுடி. குரலில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் அவர் பார்த்த வேலைக்காலம் முழுவதும் அவர் சம்பந்தப்பட்ட எதுவும் ஏறியதில்லை. மேலாளர் நாற்காலி காலியாகும்போதெல்லாம் வெளியிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்தார்கள். இவர் துணை மேலாளராகவே சேவை செய்து, துணை மேலாளராகவே ஓய்வு பெற்றார்; டெபுடி என்ற பெயர் மட்டும் கூடவே வீடு வரை வந்தது. ஓய்வு பெறும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில், “சர்க்கரை வியாதி இன்னும் வரல சார். அதுக்கு முந்தின படியில நிக்கிறீங்க,” என்று டாக்டர் சொன்னபோது வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். டெபுடி பயப்படவில்லை. முழுப் பதவிக்கு ஒரு படி கீழே நிற்பது அவருக்குப் பழக்கமான இடம்.

அவர் பின்னால் சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு அவருடைய மனைவி வந்தாள். கட்டைவிரலால் நடுவிரலை அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. ஆனால் அதைப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை.

“ராத்திரி என்ன போட்டே அவனுக்கு?” என்று விசாரணையைத் தொடங்கினாள் டெபுடியின் அக்கா. அவள் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. பள்ளி அவளுக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவள் பள்ளிக்கு ஓய்வு கொடுக்கவில்லை.

“ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் வெள்ளரிக்காய் அக்கா...”

“ஒரு முழுத் துண்டா? அரைத் துண்டுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! ஒரு மனுஷன் உன்னை நம்பித் தட்டு முன்னால உக்காருறான். நீ என்னடான்னா அவனைக் கொஞ்சம் கொஞ்சமா...” வாக்கியத்தை முடிக்காமல் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். முடிக்காத வாக்கியங்களில்தான் அவளுக்கு முதுகலைப் பட்டம்.

“அக்கா, அழாதே,” என்றார் டெபுடியின் தம்பி. வீட்டு மனை வாங்கி விற்கும் தரகர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். யாருக்கும் எதையும் விற்க முடியாத நாட்களில் போனில் மருத்துவம் படித்து அண்ணனுக்கு விற்பார். “அண்ணா, இப்போ புதுசா ஒண்ணு போட்டிருக்கான். இந்தப் படியில இருக்கிறவங்களுக்குச் சதா களைப்பா இருக்குமாம். ரத்தத்துல சர்க்கரை நிறைய இருக்கும், ஆனா உடம்புக்குள்ள போய்ச் சேராதாம். வாசல்ல லாரி நிறைய சாமான் நிக்குது, வீட்டுச் சாவியைக் காணோம். அந்த மாதிரி!”

“பார்த்தியா?” என்று டெபுடி மனைவியைப் பார்த்தார். “சாவியைக் காணோமாம். எனக்குள்ள நடக்கிறது அதுதான்.”

அப்போது வாசல் மணி அடித்தது. அவள் முன்னறைக்கு ஓடினாள். ஓடினாள் என்று எழுதிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

முன்னறைதான் அவளுடைய தையற்கடை. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், வெட்டு மேசை, மிஷின், ஆளுயரக் கண்ணாடி. அந்தத் தெருவில் நீளக் கோட்டும் சீருடையும் தைத்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். வீட்டுக்குள் அவள் சொல்லை யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு அறையில், எப்பேர்ப்பட்ட அதிகாரியும் அவள் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், திரும்பச் சொன்னால் திரும்பினார், மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க என்றால் வெட்கப்பட்டுத் தொப்பையை விட்டார். அதற்காகவே அவளுக்கு அந்த அறை உயிர்.

வாசலில் வக்கீல் நின்றிருந்தார். அவள் தைத்துக் கொடுத்த புதுக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். அதில் ஏதோ ஒன்று சரியில்லை. இடது கை ஒழுங்காகத் தொங்கியது. வலது கை மட்டும் பின்பக்கமாக எங்கோ புறப்படப் பார்த்தது.

“என்னம்மா இது?” என்றார் வக்கீல். “ரெண்டும் இடது கையா இருக்கு!”

அவள் பார்த்தாள். ஆமாம். இரண்டுமே இடது கை. போன வாரம் ஒரு மதியம் அந்தக் கையை இணைக்கும்போது மிஷின்மேல் தலை வைத்துக் கொஞ்சம்... ஒரு நிமிஷம்தான்...

“நான் நீதிபதி முன்னால கையை நீட்டி ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ன்னா, கை எனக்குப் பின்னால நிக்கிற எதிர்க்கட்சி வக்கீலைப் போய்த் தொடுதும்மா! அவர் என்னை வேற மாதிரி பார்க்கிறார்!”

“மன்னிச்சுக்கோங்க சார்... பிரிச்சுத் தைச்சுத் தந்துடறேன்...”

“நீங்களா இப்படிப் பண்றீங்க? உங்க தையல்ல ஒரு நூல் தப்பி நான் பார்த்ததில்லையே!” வக்கீல் கோபத்தைவிட வருத்தமாகக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருத்தம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், கதவருகில் மொத்தக் குடும்பமும் நின்றிருந்தது.

“போதும்,” என்றாள் தலைமையாசிரியை. “வேலை பார்க்கிற நேரத்துல தூங்குறே. சமையல்ல கவனமில்ல. அவனுக்கு வியாதி, களைப்பா இருக்கான், புரியுது. உனக்கு என்ன இருக்கு? நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வந்ததும் மிஷினைப் பின்பக்கம் சாமான் அறையில போட்டுடலாம். முன்னறை அவனுக்கு ஓய்வெடுக்க இருக்கட்டும். காத்தும் வெளிச்சமும் நோயாளிக்குத்தான் வேணும்.”

“அக்கா... சாமான் அறையில ஜன்னலே இல்லையே... நூல் எப்படிக் கோப்பேன்?”

“நூல் கோக்கிறவளா நீ? விரலைப் பாரு. குத்தல் குத்தலா! ஊசி பிடிக்கத் தெரியாதவளுக்கு ஜன்னல் எதுக்கு?”

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கணவனைப் பார்த்தாள். டெபுடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே தமது சாய்வு நாற்காலி எந்தப் பக்கம் வரும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

அந்த விரல்களின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

வியாதிக்கு முந்தைய படியில் நிற்பதாகத் தெரிந்த வாரமே டெபுடி அந்த மிஷினை வாங்கிவிட்டார். தினமும் காலையில் விரல் நுனியில் ஒரு சின்ன ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பட்டையில் வைத்தால் எண் தெரியும். எல்லாம் எளிது. குத்துவதைத் தவிர. ஊசியைக் கண்டதும் டெபுடி கட்டிலில் சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள்.

“முதல்ல நீ குத்திக் காட்டு. எப்படின்னு பார்த்துக்கிறேன்,” என்றார்.

குத்திக் காட்டினாள். ஒரு எண் வந்தது. டெபுடி எண்ணைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். அலுவலகத்தில் கோப்பு எதையும் தானே பார்க்காமல் கையெழுத்து மட்டும் போட்டுப் பழகிய மனிதர். “நல்லதாப் போச்சு. இதையே வச்சுக்கலாம்,” என்றார்.

“என்னங்க, இது என்னோடது இல்லையா?”

“ஏன், உனக்கு வேற அடுப்பு, எனக்கு வேற அடுப்பா? ஒரே சமையல், ஒரே தண்ணி, ஒரே கூரை. ரத்தம் மட்டும் வேறயா இருந்துடுமா? வெளியில சொல்லிக்கிட்டிருக்காதே. அக்காவுக்குத் தெரிஞ்சா... நான் ஊசிக்குப் பயந்தவன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.”

அவருடைய கண்ணில் அன்றைக்கு உண்மையாகவே ஒரு பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. சரி, நாலு நாளைக்குத்தானே என்று நினைத்தாள். நாலு நாள் நாலு மாதமாயிற்று, அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டாள். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் விரலில் குத்துவதும், அவர் வெளியே வந்து அறிவிப்பதும் அந்த வீட்டின் அன்றாட நடைமுறை ஆகிவிட்டது.

எண் கொஞ்சம் ஏறினால், அக்கா டெபுடியின் தட்டிலிருந்து ஒன்றைக் குறைப்பாள். முதலில் கேக் போயிற்று. பிறகு பிஸ்கட், ஜாம், உருளைக்கிழங்கு, பாதி ரொட்டி. “வாங்கினதை வீணாக்காதே,” என்று அதே அக்கா உத்தரவு போடுவாள். வீணாகாத அத்தனையும் டெபுடியின் மனைவி தட்டுக்கு வந்தது. அவன் கண்ணில் படுமுன் சாப்பிட்டு முடி, பாவம், பார்த்தால் ஏங்குவான் என்று துணை உத்தரவும் உண்டு. அதனால் அடுப்படியில் நின்றுகொண்டே அவசர அவசரமாக விழுங்கினாள். மறுநாள் அவள் விரல் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். டெபுடியின் தட்டில் இன்னும் கொஞ்சம் குறையும். அது இவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சேரும். டெபுடி இளைத்துக்கொண்டே வந்தார். அவருடைய சர்க்கரை ஏறிக்கொண்டே போனது.

தரகருடைய ஆராய்ச்சிகளும் சேர்ந்துகொண்டன. களைப்புக்குக் காரணம் தண்ணீர் குறைவு என்று அவர் படித்துச் சொன்னால், பகலில் மாடியில் ஓய்வெடுக்கும் அண்ணனுக்கு மணிக்கொரு தரம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க அவள் மாடிப்படி ஏறினாள். தூக்கம் போதாததுதான் காரணம் என்றால், அண்ணன் பகலில் தூங்கும்போது தையல் மிஷின் ஓடக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. அவள் விடியுமுன் எழுந்து தைத்தாள். இரும்புச்சத்துக் குறைவு என்றால் கீரையும் ஈரலும் அண்ணனுக்கே போயின. மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்று ஒரு கட்டுரை சொன்னபோது, டெபுடியின் பழைய அலுவலக நகைச்சுவைகளுக்கு எல்லாரும் சிரிக்க வேண்டியதாயிற்று. அண்ணனின் களைப்புக்குக் கண்டுபிடித்த ஒவ்வொரு காரணத்துக்கும் அவளிடமிருந்துதான் ஏதோ ஒன்று பிடுங்கப்பட்டது. இதெல்லாம் போக, இரவானால் பக்கத்தில் டெபுடியின் குறட்டை. மரம் அறுக்கும் பட்டறையில் ஒரு படுக்கை போட்ட மாதிரி.

ஒரே ஒரு நாள் வாய் தவறி, “எனக்கும் என்னவோ ஒரே அசதியா இருக்கு,” என்று சொல்லிவிட்டாள். மூன்று பேரும் அவளைப் பார்த்த பார்வை! அந்த வீட்டில் நோயாளிப் பதவி ஒன்றே ஒன்றுதான். அதுவும் நிரப்பப்பட்டுவிட்டது. அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வதோடு சரி.

மறுநாள் காலை நாலு பேருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். டெபுடி நோயாளியாக. அக்கா பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவளாக. தரகர் இரண்டாவது அபிப்பிராயமாக. அவள் பையைத் தூக்குகிறவளாக.

டாக்டரம்மா மிஷினை வாங்கி, அதில் பதிவாகியிருந்த எண்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். அப்புறம் டெபுடியைப் பார்த்தாள். மறுபடி மிஷினைப் பார்த்தாள்.

“எடை குறைஞ்சிருக்கு. இடுப்பு குறைஞ்சிருக்கு. சாப்பாடு கட்டுப்பாடா இருக்கீங்க. நடக்கறீங்களா?”

“தினமும். இவதான் துரத்தித் துரத்திக் கூட்டிட்டுப் போறா,” என்றார் டெபுடி, புகாராக.

“அப்போ சர்க்கரை இறங்கணுமே. ஏறியிருக்கு. கணக்கு உதைக்குதே சார்...” டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். “சரி, சாப்பாட்டைக் குறைச்சும் கேக்கலேன்னா மாத்திரை ஆரம்பிச்சுட வேண்டியதுதான். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதறேன், அதையும்...”

“மாத்திரையா!” டெபுடியின் முகத்தில் பதவி உயர்வு ஆணை வந்த வெளிச்சம் படர்ந்தது. அடுத்த நொடியே ரத்தப் பரிசோதனை என்ற சொல் போய்ச் சேர்ந்து, வெளிச்சம் அணைந்தது.

அவள் டாக்டரம்மாவின் பேனாவையே பார்த்தாள். மாத்திரை! யாருடைய ரத்தத்துக்கு யார் மாத்திரை சாப்பிடுவது? சாப்பிட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்...? சொல்லிவிடலாமா? சொன்னால் அக்கா முன்னால் இந்த மனுஷனின் மானம் போகும். இத்தனை நாள் சேர்ந்து பொய் சொன்னவள் என்று தன் பெயரும் போகும். முன்னறையும் அத்தோடு போகும், அப்பீலுக்கே வழியிருக்காது. மேசைக்கு அடியில் டெபுடியின் செருப்பு அவள் காலை அழுத்தியது. சொல்லாதே, சொல்லாதே என்று அழுத்தியது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“டாக்டர்... அந்த மாத்திரையை அவருக்கு எழுதாதீங்க.”

“ஏம்மா?”

“அந்த நம்பர் எதுவும் அவரோடது இல்ல. ரத்தம் என்னோடது.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. தரகர் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அக்கா எழுந்தே விட்டாள்.

“என்ன உளர்றே நீ? மூளை கலங்கிடுச்சா?”

அவள் பத்து விரலையும் மேசைமேல் விரித்து வைத்தாள். நுனிகளில் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். சில காய்ந்தவை, சில கருத்தவை, நடுவிரலில் இன்று காலையின் சிவப்பு.

“இது... தையல் ஊசி குத்தினது இல்லையா?”

“நீங்கதான் அப்படிச் சொன்னீங்க அக்கா. நான் சொல்லல.”

தலைமையாசிரியை டெபுடியின் பக்கம் திரும்பினாள். நகம் வெட்டாமல் வந்த மாணவனை அழைக்கும் குரல் அது. “தம்பி. கையைக் காட்டு.”

டெபுடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“காட்டுன்னேன்!”

காட்டினார். வெண்ணெய் மாதிரி பத்து விரல்கள். பென்சில் பிடித்த தழும்புகூட இல்லை.

“அக்கா... அது வந்து... ஒரு நிர்வாக ஏற்பாடு,” என்றார் டெபுடி. “எல்லாத்தையும் ஒருத்தரே செய்ய முடியாதில்லையா... சில பொறுப்புகளைக் கீழ...”

“கையெழுத்துப் போடற வேலையை ஒப்படைக்கலாம் சார்,” என்றாள் டாக்டரம்மா. “ரத்தத்தை எப்படி ஒப்படைச்சீங்க?” பிறகு அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: “உங்களுக்குக் களைப்பா இருக்காம்மா?”

யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர் என்ற பதில் பழக்கத்தில் உதடு வரைக்கும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

“ஆமா டாக்டர்... ரொம்ப... எழுந்திரிக்கும்போதே களைப்பா இருக்கு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்து பாத்ரூம் போறேன். போன வாரம் ஒரு கோட்டுக்கு ரெண்டு இடது கை வச்சுட்டேன்... என் கையா அப்படித் தைச்சது! சோம்பேறின்னாங்க. நானும் நம்பிட்டேன் டாக்டர்... நானும் நம்பிட்டேன்...”

அப்புறம் அவள் அழுதாள். அலறவில்லை. குழாயைச் சரியாக மூடாத மாதிரி சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள் டாக்டரம்மா. அவள் உட்கார்ந்தாள், கையை நீட்டினாள், முடிந்தது. டெபுடியின் முறை வந்ததும் அவர் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

“என்னங்க. இங்க பாருங்க. ஊசியைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க.”

பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில், வேறு எங்கும் பார்க்க வழியில்லாத நிலையில், பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு அப்போதுதான் தெரிந்தது. ஊசி ஏறியது.

“ஆ... வலிக்குதே!”

“ஆமாங்க.”

“இதையா நீ... தினமும்...?”

“உங்களுக்குக் கையில, பெரிய ஊசி. எனக்கு விரல்ல, சின்னது. அவ்வளவுதான்.”

டெபுடி அவள் விரல் நுனிகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். தம்மிடம் ஒப்படைத்த அந்த வேலையை, வாழ்க்கையில் முதல்முறையாக, அவரே செய்தார்.

முடிவு வரும்வரை நடைபாதை நாற்காலிகளில் காத்திருந்தார்கள். அக்கா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  அப்புறம் சட்டென்று அவள் கையைப் பிடித்து விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அடிப் பாவி... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்கிட்ட? இந்த விரலைப் பார்த்தா நான் ஊசி பிடிக்கத் தெரியாதவள்னேன்! என் நாக்குல புழுதான் புழுக்கணும்... கேக்கை உன் தட்டுல தள்ளினதும் நான், சர்க்கரை ஏறிப்போச்சுன்னு உன்னைத் திட்டினதும் நான்! முன்னறை உன்னோடது. யாரும் அந்த மிஷின்ல கை வைக்க மாட்டாங்க. என்னை மன்னிச்சுடும்மா... மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு...”

இரண்டு கையாலும் அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள். கண்ணீர் அவள் உச்சந்தலையில் சொட்டியது. பதில் வரவில்லை.

“சொல்ல மாட்டியா? அவ்வளவு கோபமா என்மேல?”

பதில் வரவில்லை. மெல்லிய ஒரு மூச்சு வந்தது. ஒழுங்காக, இழுத்து, நிதானமாக.

“அக்கா,” என்றார் தரகர் குனிந்து பார்த்து. “அண்ணி தூங்கிட்டாங்க.”

வாழ்நாளில் யாரையும் தன்மேல் சாய விடாத தலைமையாசிரியை அசையாமல் உட்கார்ந்தாள். கழுத்து ஒரு பக்கம் வளைந்திருந்தது. தோள் மரத்துப்போனது. மூக்கு ஒழுகியது, துடைக்க ஒரு கையும் காலியாக இல்லை. டெபுடி இருமினார். “சத்தம் போடாதே!” என்று உதட்டை மட்டும் அசைத்து அதட்டினாள். டெபுடி பாக்கி இருமலை விழுங்கிவிட்டார்.

உள்ளே வரச் சொல்லி நர்ஸ் கூப்பிட்டாள்.

“தூங்குறா. ரிசல்ட் எங்கேயும் ஓடிப் போயிடாது,” என்று அக்கா கிசுகிசுத்தாள்.

வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவே காகிதங்களோடு நடைபாதைக்கு வந்தாள். அவளும் கிசுகிசுத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

“சார், உங்க சர்க்கரை இப்போ சாதாரண அளவுல இருக்கு. உங்க மனைவி போட்ட சாப்பாடும் நடையும் வேலை செஞ்சிருக்கு.”

டெபுடியின் முகம் தொங்கியது. “அப்போ... அந்தப் படி?”

“இறங்கிட்டீங்க.”

“அப்போ என் களைப்பு? டாக்டர், சத்தியமா எனக்குக் களைப்பா இருக்கு. நடிக்கல.”

“நடிக்கிறீங்கன்னு சொல்லலையே. குறட்டை விடுவீங்களா?”

“அண்ணனா?” தரகர் முந்திக்கொண்டார். “எங்க தெருவுல என்னால ஒரு வீடும் விக்க முடியல டாக்டர். பார்க்க வர்றவங்க ராத்திரியும் ஒரு தடவை வந்து பார்த்துட்டு ஓடிடறாங்க.”

“தூக்கத்துல மூச்சுத் தடைபடுதான்னு பார்க்கணும். அப்படி இருந்தா எவ்வளவு தூங்கினாலும் களைப்புப் போகாது. அதுக்கு ஒரு பரிசோதனை இருக்கு.”

“எனக்குன்னே தனியா?”

“உங்களுக்குன்னே தனியா.”

டெபுடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மாவுக்கு,” என்று டாக்டரம்மா அடுத்த காகிதத்தை எடுத்தாள். “நீங்க இறங்கின படியில அவங்க நிக்கிறாங்க. ஆனா களைப்புக்கு அது மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். இரும்புச்சத்து ரொம்பக் கீழ இருக்கு. தைராய்டு முடிவு நாளைக்குத்தான் வரும். தூக்கமே இல்லேன்னு பார்த்தாலே தெரியுது. தண்ணி குடிக்கிறாங்களா?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தண்ணீர் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறார்கள். குடித்ததை யாரும் பார்த்ததில்லை.

தரகர் போனைச் சட்டைப் பையில் போட்டார். “நான் அண்ணனுக்குப் படிச்சது மொத்தமும் அண்ணியோட வியாதியா?” என்றார் மெதுவாக. “தப்பான வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேனே.”

“பயப்பட வேண்டாம். இந்தப் படியிலேர்ந்து இறங்கலாம். சார் இறங்கலையா? அவருக்கு யாரோ செஞ்சதை இவங்களுக்கும் யாராவது செய்யணும், அவ்வளவுதான்.”

“நான் செய்யறேன்,” என்றார் டெபுடி. இந்த முறை ‘ஏற்பாடு செய்யறேன்’ என்று சொல்லவில்லை. அக்காகூட அதைக் கவனித்தாள்.

டாக்டரம்மா போய் நெடுநேரத்துக்குப் பிறகு அவள் கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. கன்னத்தில் சேலை மடிப்பின் கோடு பதிந்திருந்தது. பதறி நிமிர்ந்தாள்.

“ஐயோ... அக்கா... தூங்கிட்டேனா? நீங்க ஏதோ சொல்லிட்டிருந்தீங்களே...”

அக்கா மரத்துப்போன கழுத்தை நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்த தலையோடே தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். ஒரு பாடத்தை இரண்டாம் முறை நடத்தியதாக அவள் சரித்திரத்தில் இல்லை. கவனிக்காதவன் பரீட்சையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவாள்.

“நீ சோம்பேறி இல்ல,” என்றாள். “நான்தான் குருடி. முன்னறை உன்னோடது. நான் பண்ணினது தப்பு. என்னை மன்னிச்சுடு.”

நடைபாதையில் காத்திருந்த மற்ற நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தரகர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கலைந்த தலைமுடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்து, கையை மடியில் கோத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தாள்.

“இன்னும் தூக்கக் கலக்கமா இருக்கு அக்கா, கடைசி ரெண்டு வரி சரியா காதுல விழல,” என்றாள். “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

தலைமையாசிரியை சத்தமாகச் சொன்னாள்.